திருக்கடையூரோடு நின்றுபோன பேருந்து

கடந்த மாதம் ஊருக்குச் சென்று வந்தேன். சென்னை விமான நிலையமும் மயிலாடுதுறை வரையிலான ரயிலும் நல்லபடியாகவே இருந்தன. எழுத வேண்டியிருப்பது அதற்குப் பிறகு தரங்கம்பாடி வரையுள்ள 30 கிலோமீட்டரைப் பற்றித்தான்.

மாலை 6 மணிக்கு, காரைக்கால் என்று பலகை மாட்டியிருந்த ஒரு தனியார் பேருந்தில் 78 வயதான அம்மாவுடன் ஏறி, தரங்கம்பாடிக்கு இரண்டு சீட்டு வாங்கினேன். செம்பனார்கோயிலிலும் ஆக்கூரிலும் கூட்டம் இறங்கிவிட, திருக்கடையூர் வந்தபோது வண்டியில் எட்டுப் பேர்தான் மீதம் இருந்தோம். "எல்லாரும் இறங்கிக்குங்க சார், பின்னாடியே வண்டி வருது" என்று நடத்துநர் சொன்னார். எட்டுப் பேருக்காகக் காரைக்கால் வரை ஓட்டினால் டீசலுக்குக் கட்டாதாம். மீதிப் பணத்தைக் கேட்டேன். அந்த வண்டியில் சொல்லிவிடுவதாகக் கூறி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாலேயே வருவதாகச் சொன்ன வண்டி வருவதற்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அதிலும் முழுச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

நான் 22 ஆண்டுகளாக டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரில் வசிக்கிறேன். பனி கொட்டும் இரவில் நான் ஒருவன் மட்டுமே உட்கார்ந்திருந்தபோதும் அங்கே பேருந்து கடைசி நிறுத்தம் வரை சென்றிருக்கிறது. அந்த நாட்டுக் கப்பல்கள் தேடி வந்த ஊருக்கு, என் சொந்த ஊருக்கு, இருட்டியபின் போய்ச் சேர முடியவில்லையே என்ற ஆற்றாமை தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் என்னை விட்டு நீங்கவில்லை.

கிழக்கே கடல், தெற்கே உப்பனாறு, மேற்கே கோட்டை வாசல் என்று அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அந்தக் கரையைப் பெற்ற டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி மிளகு வணிகம் செய்தார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1706-இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும், சில ஆண்டுகளில் அச்சகம் நிறுவித் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் அங்கேதான். 1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. ஆனால், அதன் வாழ்வை உண்மையில் முறித்தது 1861-இல் நாகப்பட்டினத்துக்கு வந்த ரயில் என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் வணிகம் முழுவதும் ரயில் போன பக்கமே போய்விட்டது. எங்களுக்கென்று ஒரு மீட்டர்கேஜ் பாதை கிடைக்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 1980-களில் நிறுத்திவிட்டார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று மெதுவாகத்தான் வரும் என்றாலும், அந்த வண்டி எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டதே இல்லை என்று அம்மா அன்று இரண்டு முறை சொன்னார்.

எங்களோடு இறக்கிவிடப்பட்டவர்களில் மீன் விற்றுவிட்டுக் காலிப் பாத்திரத்துடன் ஊர் திரும்பும் ஒரு மூதாட்டியும் இருந்தார். நான் கைபேசியில் பேருந்தின் எண்ணைக் குறித்துக்கொண்டதைப் பார்த்து, "வாரத்துல ரெண்டு நாளு இப்படித்தான் தம்பி. ஒங்களுக்கு இன்னைக்கி ஒரு நாளு" என்றார். அதுவரை எனக்கும் அம்மாவுக்கும் நேர்ந்த அவமதிப்பாக மட்டுமே அதை நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் கிளம்பிப் போய், நாள் முழுதும் நின்று விற்றுவிட்டு வருபவர் தம் வருமானத்தில் இரண்டாவது சீட்டுக்கும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை இரண்டு சீட்டுகளின் நகலையும் இணைத்துப் புகார் எழுதினேன். காரைக்கால் என்று பலகை மாட்டிய வண்டி காரைக்கால் வரை போக வேண்டும், வழியில் நின்றுபோனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், தரங்கம்பாடி நிறுத்தத்தில் கடைசிப் பேருந்தின் நேரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று மூன்றே கோரிக்கைகள். அந்த அம்மாள் சொன்னதையும் அவர் சொன்ன சொற்களிலேயே அதில் சேர்த்திருக்கிறேன்.