பனிஷரா, முஸ்தபாவா: 1993-இன் இரண்டு அடிதடி கேம்கள்

பழைய அடிதடி கேம் ஒன்றை இன்று உட்கார்ந்து முழுதாக ஆட நேரம் ஒதுக்குகிறீர்கள், கையில் இருப்பது இந்த இரண்டும்தான் என்றால், பனிஷரை எடுங்கள். பிரவுசிங் சென்டரில் முஸ்தபாவுக்காக வரிசையில் நின்ற தலைமுறை நான். அந்த கேம் மேல் இருக்கும் பாசம் இன்னும் குறையவில்லை. இருந்தும், இரண்டையும் அடுத்தடுத்து முடித்த பிறகு என் ஓட்டு பனிஷருக்குத்தான்.

முஸ்தபா என்று நாம் சொல்வதன் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். அதில் வரும் நால்வரில் ஒருவன்தான் முஸ்தபா கெய்ரோ. அவனை எடுத்தால் ஓடிப் பறந்து உதைக்கலாம் என்பதால் நம்மூரில் கேமுக்கே அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் அதைக் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளுக்கு விட்டது. அதே ஆண்டு அதே நிறுவனம் மார்வெல் காமிக்ஸின் பனிஷரை வைத்து இன்னொரு அடிதடி கேமும் விட்டது. முன்னதன் புகழில் பத்தில் ஒரு பங்குகூட நம்மூரில் பின்னதற்குக் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் கேப்காமின் ஒரே வகை சர்க்யூட் போர்டில், கியூசவுண்ட் என்ற ஒலி நுட்பத்தோடு ஓடியவை. இரண்டுமே காமிக்ஸிலிருந்து வந்தவை. அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்பவர்களைத் தள்ளிவிடும் அடி, அதற்குக் கொஞ்சம் உயிர் குறையும். படமும் இசையும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. அந்த விஷயத்தில் எதை எடுத்தாலும் நஷ்டமில்லை.

கதையில் வித்தியாசம் பெரிது. முஸ்தபா நடப்பது 2513-இல். டைனோசர்களைக் கொல்லும் வேட்டைக் கும்பலை நான்கு நண்பர்கள் துரத்துகிறார்கள், அந்தக் கும்பலுக்குப் பின்னால் ஃபெஸன்டன் என்ற விஞ்ஞானி இருக்கிறான். ஊர் நியாயம் கேட்கும் கதை. பனிஷர் அப்படியல்ல. பனிஷர் என்ற பெயரில் திரியும் ஃபிராங்க் கேஸில் வியட்நாம் போரில் சண்டை போட்ட முன்னாள் அமெரிக்க மரீன் படைவீரன். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு மனைவி குழந்தைகளோடு போன நாளில், மாஃபியா கும்பலின் துப்பாக்கிச் சூட்டில் மொத்தக் குடும்பத்தையும் இழக்கிறான். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு வேலை கிடையாது. 1974-இல் காமிக்ஸில் அறிமுகமானதிலிருந்து அவன் அடையாளம் மார்பில் இருக்கும் அந்த மண்டையோடுதான். கேமில் அடியாட்களில் தொடங்கி, முகம் கிழிந்து தைக்கப்பட்ட ஜிக்சாவைத் தாண்டி, கடைசியில் குற்ற உலகத் தலைவன் கிங்பின் வரைக்கும் போகிறான். குடும்பத்தைப் பறிகொடுத்தவன் ஒற்றை ஆளாகக் கிளம்பும் கதையைத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, நம் சினிமாவே பாதி அதுதான்.

கதை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்தக் காலத்து கேம்களில் கதை என்பது பெரும்பாலும் முதல் நிமிடம் காட்டிவிட்டு மறந்துபோகும் ஒன்று. பனிஷரில் அது கடைசிவரை கையிலேயே இருக்கிறது. அதற்குக் காரணம் துப்பாக்கி. என் முடிவைத் தீர்மானித்ததும் அது ஒன்றுதான்.

முஸ்தபாவில் துப்பாக்கி என்றால் கீழே கிடக்கும் பொருள். பீப்பாயை உடைத்தாலோ எதிரியைச் சாய்த்தாலோ விழும். உஸியோ ஷாட்கனோ ராக்கெட் லாஞ்சரோ எடுத்துச் சுடலாம், தோட்டா தீர்ந்தால் அவ்வளவுதான். அடி வாங்கி விழுந்தால் அதுவும் கைநழுவும். ஆக அங்கே துப்பாக்கி ஒரு சின்ன போனஸ். கிடைத்தால் சந்தோஷம், ஸ்டேஜ் முடிவில் நிற்கும் பெரிய எதிரியான பாஸ் வரும்வரை பத்திரமாக வைத்திருக்கலாமா என்று ஒரு கணக்கு. நானும் நண்பர்களும் ராக்கெட் லாஞ்சருக்காகச் சண்டை போட்டதெல்லாம் உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கிக்கும் அதைப் பிடித்திருப்பவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நால்வரில் ஜாக்கை வைத்து ஆடினாலும் மெஸ்ஸை வைத்து ஆடினாலும் அது வழியில் கிடைத்த பொருள்தான். நால்வரில் இன்னொருத்தியான ஹன்னா ஆயுதங்களைக் கொஞ்சம் நன்றாகக் கையாளுவாள் என்பது மட்டும் விதிவிலக்கு.

பனிஷரிலும் அப்படிக் கிடைக்கும் ஆயுதங்கள் ஏராளம். எம்-16, தீ கக்கும் துப்பாக்கி, கத்தி, கட்டானா, பேஸ்பால் மட்டை என்று போகிறது. ஆனால் அவன் இடுப்பில் சொந்தமாக ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது, அதை அவன் எல்லா நேரமும் எடுப்பதில்லை. வெறுங்கையோடும் கம்போடும் வருகிற அடியாட்களிடம் அவனும் கையால்தான் பேசுவான். திரையின் ஓரத்தில் துப்பாக்கி ஏந்திய கூட்டம் வந்து நிற்கும் இடங்களில்தான் அது மாறும். நீங்கள் எந்தப் பட்டனும் அழுத்தத் தேவையில்லை, அவன் தானாகவே துப்பாக்கியை உருவிக்கொண்டு நிற்பான். அதுவரை குத்தாக இருந்த பட்டன் இப்போது குண்டு. தோட்டாவுக்குக் கணக்கு இல்லை. தூரத்தில் நிற்பவனைச் சுட்டுக்கொண்டே நகரலாம், எவனாவது நெருங்கிவிட்டால் அதே பட்டனில் அவனுக்கு அடி விழும். சுடும் சத்தம் காமிக்ஸ் எழுத்தாகவே திரையில் வெடிக்கும். அந்தக் கூட்டம் முடிந்ததும் துப்பாக்கி மறுபடி உறைக்குள் போய்விடும், மறுபடி முஷ்டி.

இதை முதலில் பார்க்கும்போது ஒரு சின்ன வேடிக்கை மாதிரிதான் தெரியும். கேமை முழுதாக ஆடினால்தான் இதன் அருமை புரியும். எப்போது சுட வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல, அவன். எதிரி எந்த அளவுக்கு இறங்கி வருகிறானோ அந்த அளவுக்கு இவனும் இறங்குகிறான். பழிவாங்கத் துடிப்பவனாக இருந்தாலும் அவனுக்குள் ஒரு சிப்பாயின் ஒழுங்கு மிச்சமிருக்கிறது என்பதை ஒரு வரி வசனம் இல்லாமல் விரல் வழியாகவே சொல்லிவிடுகிறார்கள். முஸ்தபாவில் நான்கு பேரில் யாரை எடுத்தாலும் எனக்கு அவர்கள் ஒரு வேகம், ஒரு பலம், ஒரு உதை. பனிஷரில் ஒரு மனிதனை ஆடுகிறேன்.

ஆட்டத்தின் தாளத்துக்கும் இது பெரிய உதவி. அடிதடி கேம்களின் நிரந்தர நோய் சலிப்பு. நடந்து போ, கூட்டம் வரும், அடி, மறுபடி நட. முஸ்தபா அந்தச் சலிப்பை இடம் மாற்றித் தீர்க்கிறது: மூன்றாவது ஸ்டேஜில் கேடிலாக் காரிலேயே ஏறி எதிரிகளை மோதித் தள்ளிக்கொண்டு போவோமே, அது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் அது அந்த ஓர் இடத்தோடு சரி. பனிஷரில் முஷ்டிக்கும் துப்பாக்கிக்கும் மாறிமாறிப் போவது கேம் முழுக்க நடக்கிறது. சுடும் கட்டம் வந்தாலே முதுகு நிமிர்ந்துவிடும். எதிரி சுடுவதும் நேர்கோட்டில்தான் வரும் என்பதால், மேலும் கீழுமாக வரிசை மாறி நின்று சுடக் கற்றுக்கொள்ள வேண்டும். முஷ்டிச் சண்டையில் பழகிய கால் அங்கே உதவாது.

வெறுங்கைச் சண்டையிலும் சுற்றியிருக்கும் பொருள்களை விட்டுவைக்க மாட்டார்கள். தூக்கி எறியக் கூடியவை அவ்வளவு. எதிரியைப் பிடித்துத் தரையில் குத்தலாம், இன்னொருவன் மேல் வீசலாம். அடியில் ஒரு கனம் இருக்கிறது, முஸ்தபாவின் அடியைவிடக் கொஞ்சம் மெதுவாக விழும், ஆனால் விழுந்தால் விழுந்ததுதான். முஸ்தபாவின் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதல் ஸ்டேஜில் இது மந்தமாகத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முஸ்தபா ஜெயிக்கும் இடங்களை மறைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று பேர் ஆடலாம், இது சின்ன விஷயமில்லை. நால்வருக்குமான வித்தியாசம் நிஜமானது. எட்டு ஸ்டேஜ் என்பதால் நீளமும் அதிகம், பனிஷர் ஆறோடு முடிந்துவிடும். அடித்தால் வெறிகொள்ளும் டைனோசர்களுக்கு ஈடாகப் பனிஷரில் எதுவும் இல்லை. பனிஷரில் இரண்டாவது ஆளாக வருபவர் மார்வெல் கதைகளின் உளவு அமைப்பான ஷீல்டைச் சேர்ந்த நிக் ஃப்யூரி. ஒற்றைக்கண் கட்டோடு பார்க்க ஜோராக இருப்பார், ஆனால் ஆட்டத்தில் கேஸிலுக்கும் அவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு கிடையாது. எனக்கு இந்த கேம் தனியாக ஆடும்போதுதான் முழுசாக இருக்கிறது. கேஸில் தனி ஆள், பக்கத்தில் துணைக்கு ஒருவர் நின்றாலே அந்தக் கோபம் பாதியாகிவிடுகிறது. வீட்டில் எப்போதும் மூன்று பேர் கூடுவீர்கள் என்றால் முஸ்தபாதான் சரி, யோசிக்கவே வேண்டாம்.

கிடைப்பது எங்கே என்ற கேள்விக்கு வருவோம். முஸ்தபா இன்றுவரை எந்த வீட்டுக் கன்சோலுக்கும் முறைப்படி வரவே இல்லை. 1994-இல் சேகா சிடி என்ற வீட்டு கேம் கருவிக்கு அதே பெயரில் ஒன்று வந்தது, அது கார் ஓட்டிச் சுடும் முற்றிலும் வேறு கேம், பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 2018-இல் கேப்காம் தன் அடிதடி கேம்கள் ஏழைத் தொகுத்து விற்றபோதும் இது அதில் இல்லை. காமிக்ஸ் உரிமை வெளியாருடையது என்பதால் கேப்காம் நினைத்த மாத்திரத்தில் விற்க முடியாத கேம் இது. அதனால் முறையான பிரதி என்றால் அந்தக் காலத்து போர்டு மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலிப் பகுதியின் நிரலைப் பூட்டி, பூட்டைத் திறக்கும் சாவியை ஒரு பேட்டரியின் தயவில் வைத்திருந்தார்கள். கபுக்கி என்று ஆர்கேட் சேகரிப்பாளர்கள் சொல்லும் சிப் அது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், அதன் பிறகு பழுது பார்க்கத் தெரிந்தவர் கையில் கொடுத்தால்தான் உண்டு. பனிஷர் போர்டுக்கும் இதே கதிதான். நாமெல்லாம் பிரவுசிங் சென்டரில் ஆடியது, ஆர்கேட் கேமைக் கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டர் காப்பி, அது எல்லோருக்கும் தெரியும்.

பனிஷரும் பல ஆண்டுகள் இதே நிலையில்தான் கிடந்தது. 90-களின் நடுவில் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கு அதன் வடிவம் ஒன்று வந்தது, ஆர்கேடில் திரை நிறைய வந்த கூட்டம் அதில் மெலிந்துபோனது. அதை வைத்து இந்த கேமை எடைபோட்டவர்கள் பலர். 2024 செப்டம்பரில்தான் விடிவு வந்தது. மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன் என்ற தொகுப்பில் ஆர்கேட் வடிவத்தையே அப்படியே சேர்த்து, கணினிக்கு ஸ்டீம் கடையிலும், ஸ்விட்ச், பிஎஸ் 4 கன்சோல்களுக்கும் விட்டார்கள். நான் வாங்கியது ஸ்டீமில். இடையில் சேமிக்கலாம், தூரத்தில் இருக்கும் நண்பரோடு ஆன்லைனில் ஆடலாம். ஒரே குறை, இது ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியாது. கூடவே ஆறு சண்டை கேம்கள் வரும். அவற்றில் விருப்பம் இல்லாதவருக்கு விலை கொஞ்சம் உறுத்தும், தள்ளுபடிக்குக் காத்திருப்பது நல்லது. ஸ்விட்சில் நான் ஆடவில்லை, அதனால் அதில் கன்ட்ரோலர் எப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆன்லைனிலும் நான் ஆடியது மிகக் கொஞ்சம், அதை வைத்துத் தீர்ப்பு வேண்டாம்.

இன்னொன்று, சேமிக்கும் வசதி இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு கூட்டத்துக்கும் சேமித்துக்கொண்டே போகாதீர்கள். காசு போட்டு ஆட வைக்கச் செய்த கேம் இது, பாஸ்கள் வேண்டுமென்றே உயிரை உறிஞ்சுவார்கள். இடுப்புக்குக் கீழே டாங்கியாக வரும் போன்பிரேக்கரிடம் முதலில் திணறத்தான் செய்வீர்கள். ஒரு கன்டின்யூ செலவானால் ஆகட்டும், ஸ்டேஜ் முடிவில் மட்டும் சேமியுங்கள். கிங்பின் முன்னால் போய் நிற்கும்போது அது எவ்வளவு தூரம் என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முஸ்தபாவுக்கும் இப்படி ஒரு நாள் உரிமைச் சிக்கல் தீர்ந்து, மூன்று பேர் ஆன்லைனில் ஆடும்படி கேப்காம் விட்டால், வெளியாகும் அன்றே காசு கொடுத்து வாங்குவேன். அன்று இந்த ஒப்பீட்டை மறுபடி எழுத வேண்டி வரும், துப்பாக்கி பற்றிய பகுதியை மட்டும் மாற்ற மாட்டேன்.