யோனெக்ஸ் மாவிஸ் 350: ராலி நிற்கும் நைலான் காக்

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகள் பேட்மின்டனை விட்டுவிட்டால் சோம்பேறி என்று திட்டுகிறோம். பல வீடுகளில் குற்றவாளி காக், அதாவது அடித்து ஆடும் ஷட்டில்தான். இரண்டு பேட், மூன்று பிளாஸ்டிக் காக் என்று பையில் போட்டு விற்கும் செட்டை எடுத்துப் பாருங்கள். அடித்ததும் காக் தலை திரும்பாமல் தள்ளாடிக்கொண்டு போகும். கீழே விழாமல் மாறி மாறி அடிப்பதுதான் ராலி; அது மூன்று அடிக்குமேல் நீளாது. குனிந்து பொறுக்குவதே வேலையென்றால் எந்தப் பிள்ளை மறுநாள் வரும்? 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மிதமாகவோ வேகமாகவோ உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை அறிவுரையால் நிரப்ப முடியாது. “இன்னும் ஒரு கேம்” என்று அவர்களே கேட்க வேண்டும்.

யோனெக்ஸ் நிறுவனத்தின் மாவிஸ் 350 காக் அவர்களை அப்படிக் கேட்க வைக்கிறது. ட்யூப்புக்கு ஆறு காக். தலை கார்க், அதன் பின்னால் விரிந்திருக்கும் பாவாடை நைலான். அடி பட்டதும் சட்டென்று திரும்பி நேராகப் போவதால், எங்கே விழும் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியும். புதிதாக ஆடுகிறவர்களும் இரண்டாவது வாரத்தில் விழாமல் பத்து அடி அடித்துவிடலாம்.

கார்க்கைச் சுற்றியுள்ள பட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சூட்டில் காற்று லேசாகும், காக் கூடுதல் தூரம் ஓடும். அதனால் நம் ஊருக்குப் பச்சை. ஊட்டிக் குளிருக்கு நீலம் சரி என்று தோன்றும்; அந்த உயரத்தில் காற்று இன்னும் லேசு, அங்கும் பச்சையே. சந்தேகமா? பின்கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழுந்தால் வேகம் சரி.

கெடுவது பெரும்பாலும் பாவாடைதான். ஸ்மாஷில் (மேலிருந்து ஓங்கி அடிப்பதில்) உள்ளே மடங்கினால் விரலை விட்டு வெளியே தள்ளுங்கள், மீண்டும் பறக்கும். வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் போட்டால் கோணிக்கொள்ளும், பிறகு தள்ளாட்டம்தான். கார்க் கழன்று ஆடினால் மேட்சுக்கு ஆகாது. மொட்டை மாடியில் மாலைக் காற்றுக்கு இதுவும் தாங்காது. காலையில் ஆடுவது நல்லது.

காக் மட்டும் மாற்றினால் போதாது. 4யு எடை (80 முதல் 84.9 கிராம்) பேட், 20 பவுண்ட் இறுக்கத்தில் கட்டிய ஸ்ட்ரிங் போதும். ஸ்ட்ரிங் தொங்கும் இரும்பு பேட்டில் எந்தக் காக்கும் போகாது.

குறை ஒன்று உண்டு. போட்டிகளில் பெரும்பாலும் 16 இறகு வைத்த ஃபெதர் காக்தான். வலைக்கருகே அது விழும் விதமே வேறு. போட்டிக்குப் போகும் பிள்ளை சில வாரம் அதில் பழகியே ஆக வேண்டும்.

திறமையில் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஸ்கோர் வேண்டாம். இருவரும் சேர்ந்து ராலி எண்ணட்டும்: முதலில் 10, பிறகு 20. வெளியே நின்று “உடம்பு குறையும்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.