ஏற்காட்டில் நின்று வரைவதா, சேலத்து அறையில் அமர்ந்து வரைவதா?

நிலக்காட்சி ஓவியம் கற்கத் தொடங்குபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

வெளிச்சம்
மலையில்: நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அந்த அவசரமே நல்ல ஆசிரியர். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் அருகிலுள்ள மரம் அடர்பச்சை, கீழே சேலம் வெளிறிய நீலம். தொலைவு நிறத்தை எப்படிக் கரைக்கிறது என்பதைக் கண்தான் கற்றுத்தரும். புகைப்படம் நிழல்களைக் கருப்பாக்கிவிடுகிறது.
அறையில்: விளக்கொளி மாறாது. பொறுமையாகத் திருத்தலாம்.

காய்தல்
மலையில்: மூடுபனி இறங்கினால் நீர்வண்ணம் எளிதில் காயாது.
அறையில்: சேலம் வெயில் காலத்தில் அக்ரிலிக் வண்ணம் கலவைத் தட்டிலேயே இறுகிவிடும். அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள்.

செலவு
மலையில்: பஸ் டிக்கெட், சிறிய வண்ணப் பெட்டி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள்.
அறையில்: ஈசல் (ஓவியத்தைத் தாங்கும் சட்டம்), கேன்வாஸ், விளக்கு.

கடற்காட்சி வேண்டுமா? இங்கே கடல் இல்லை. ஏற்காடு ஏரியில் நீரின் பிரதிபலிப்பைப் பழகுங்கள். அலையைக் கடற்கரையில் கோட்டோவியமாகக் குறித்துவந்து அறையில் வரையுங்கள்.

பெரிய கேன்வாஸ், எண்ணெய் வண்ணம், மாலையில் மட்டுமே ஓய்வு என்பவர்களுக்கு அறை பொருந்தும். நிறம் பார்க்கப் பழகாத புதியவர்கள் முதலில் மலையேறுங்கள், 20 கொண்டை ஊசி வளைவுகள்தானே!