அச்சடித்த உயில் படிவம்: வாங்கலாமா?

ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் இந்தத் தமிழ்ப் படிவத்தில் சாட்சிப் பகுதி சரியாக இருக்கிறது. இரண்டு பேர் கையெழுத்துக்கு இடம் உண்டு. முத்திரைத்தாள் கட்டாயமில்லை என்பதால் வெள்ளைத்தாளில் அச்சிட்டிருப்பதும் தப்பில்லை. கோளாறு வாசகத்தில்தான்.

மூன்றாவது பத்தி சொத்தை மனைவிக்கு 'சர்வ சுதந்திர பாத்தியமாக', அதாவது விற்கவும் அடமானம் வைக்கவும் முழு உரிமையோடு, கொடுக்கிறது. ஐந்தாவது, அவர் காலத்துக்குப் பின் மகன்களுக்கு என்கிறது. வழக்கு வந்தால் நீதிமன்றம் முழு உயிலையும் சேர்த்துப் படித்து, இரண்டையும் பொருத்திப் பார்க்கும். மனைவிக்கு முழு உரிமை என்று முடிவானால் மகன்களுக்கான வாசகம் செல்லாது. இரண்டும் பொருந்தவே பொருந்தாது என்று முடிவானாலோ, பிந்தியதே நிற்கும் என்கிறது 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு. ஆயுட்கால அனுபவ உரிமைதான் நோக்கம் என்றால், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை என்று மூன்றாவது பத்தியிலேயே எழுதுங்கள்.

தொகை எழுத விட்டிருக்கும் 'ரூ. ______' என்ற கோடு இன்னும் ஆபத்து. நிரப்பாமல் விட்டால், உயில் எழுதியவர் எவ்வளவு கொடுக்க நினைத்தார் என்று உயிலுக்கு வெளியிலிருந்து சாட்சியம் கொண்டுவர அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு இடம் தராது. 'ஊரிலுள்ள நிலம்' என்று எழுதி, அங்கே இரண்டு நிலம் இருந்தால் கதை வேறு. எது என்று காட்ட 80ஆம் பிரிவில் சாட்சியம் எடுபடும். அதற்காக வாரிசுகளைக் கோர்ட்டுக்கு அலையவிடுவானேன்? சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள், தனித்தாள் இணையுங்கள். உயிலில் குறிப்பிடாத மீதிச் சொத்து யாருக்கு என்ற பத்தியே இல்லை.

மாதிரிக்கு வாங்கலாம். அப்படியே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.