தறி நின்ற தெருவில் பழைய வீடா, வயலோரத்தில் புது மனையா?

நாகர்கோவிலிலேயே இருந்துவிடுவது என்று முடிவான பிறகு எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. வடசேரியில் நெசவாளர் தெரு ஒன்றில் மூன்றே கால் சென்டில் பழைய ஓட்டு வீடு. புத்தேரி பக்கம், அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஐந்து சென்ட் மனை. அப்புறம் டவுனுக்குள் ஒரு ஃபிளாட். கடைசியில் வடசேரி வீட்டைத்தான் வாங்கினோம். ஆகவே நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

ஃபிளாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். பூட்டிவிட்டு ஊருக்குப் போகலாம், கடன் எளிதில் கிடைக்கும், லிஃப்ட் உண்டு. ஆனால் மண்ணில் நமக்கு வருவது பிரிக்கப்படாத பங்கு மட்டும். அம்மா வந்து பார்த்துவிட்டு, "முருங்கை எங்க வைப்பிய?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு போயிற்று. ஃபிளாட்டில் குடியிருந்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் இதற்கு மேல் பேசுவது முறையல்ல.

சந்தை, பஸ், பள்ளிக்கூடம் பற்றியும் நீட்ட வேண்டாம். கனகமூலம் சந்தையும் வடசேரி பஸ் ஸ்டாண்டும் எங்களுக்கு நடை தூரம். புத்தேரியில் வண்டி எடுக்க வேண்டும். காற்றும் அமைதியும் புத்தேரிக்குத்தான். எங்கள் பின்பக்கத்து முடுக்கில், அதாவது சந்தில், காலையிலேயே நகை செய்யும் வீடுகளின் தட்டல் தொடங்கிவிடும். பரதநாட்டியக் கழுத்துகளில் மின்னும் கோயில் நகை இந்தப் பக்கத்துத் தயாரிப்பு. சத்தத்தைச் சகிக்க இந்தப் பெருமை கொஞ்சம் உதவுகிறது.

பத்திரச் செலவு இரண்டுக்கும் ஒரே விகிதம்தான். நாங்கள் வாங்கியபோது முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4. 2023-ல் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள், கூடவே கட்டணத்தைக் கணக்கிட அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். மிச்சம் பிடித்தோம் என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது ஈரம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் துலாமழை இன்னொன்று. சுவர் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். வாங்கும் விலையை எல்லோரும் கணக்குப் போடுகிறோம். அந்த வீடு வருஷா வருஷம் மழைக்கு என்ன கேட்கும் என்று கேட்பவர் குறைவு.

2021 நவம்பர் பெருமழையின்போது வடசேரி வீட்டுக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருந்தோம். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் குடையோடு போய்ப் பார்த்தேன். உள்ளே ஆறு இடத்தில் ஒழுகியது. ஆனால் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, சாய்வில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனால், முட்டளவு தண்ணீர். அத்தான் கேட்டுக்கு வெளியே கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். அது வயலாக இருந்த இடம், மண் அடித்து மேடாக்கி மனை போட்டார்கள். மனைக்கு அடித்தார்களே தவிர, தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்று நாள் நின்றது. காம்பவுண்ட் சுவர் அதில்தான் சாய்ந்தது.

வடசேரி என்றாலே மேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுகினசேரி பக்கம் பழையாற்றை ஒட்டிப் போகப் போகக் கதை மாறும். எந்த வீடானாலும் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள்.

சரி, பழைய வீட்டு ஈரத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழித்தறி. பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போட வேண்டியிருந்ததால் தெரு கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. பின்பக்கத்து முடுக்குகளில் ஸ்கூட்டர் போவதே பெரிது, தெருவில் மட்டும் சிறிய கார் வரும். அது பாவுக்கு நன்றி சொல்ல வேண்டிய விஷயம். வீட்டுக்குள் நெசவாளி தரையில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு மிதி மிதிப்பார். குழியின் ஈரப்பதத்தில் நூல் அறுந்துபோகாது. அதாவது, ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே கட்டிய அறை அது. வாங்கும்போது இது எனக்குத் தெரியாது.

குடிவந்த முதல் இடவப்பாதியில் முன்னறைச் சிவப்புத் தரையில் ஒரு செவ்வகம் தெரிந்தது. ஓரமெல்லாம் அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல் சுத்தம். உள்ளே மட்டும் கருத்து, கால் வைத்தால் சில்லென்றது. குழாய் உடைந்துவிட்டதோ என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் போனார். பக்கத்து வீட்டு ஆச்சிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "மக்கா, அது குழில்லா. அங்க தறி கெடந்ததாக்கும்." முன்பு இருந்தவர்கள் கையில் கிடைத்த களிமண்ணைக் கொட்டி மூடி மேலே தரை போட்டிருந்தார்கள். உடைத்து, மண்ணை வாரி, ஜல்லியும் மணலும் போட்டு இறுக்கி, பாலிதீன் விரித்து, கான்கிரீட் போட்டோம். ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த மழைக்குச் செவ்வகம் வரவில்லை.

இரண்டாவது தப்பு என்னுடையது. சுவர் உதிர்கிறது என்று கொத்தனாரிடம் சொன்னேன். அவர் சிமெண்ட் பூசிவிடலாம் என்றார், தலையாட்டினேன். துலாமழை முடிந்தபோது அந்தப் பூச்சு அப்பளம்போல் உப்பி, தட்டினால் பொத்பொத்தென்று கேட்டது. தையில் பாளம் பாளமாக விழுந்தது. பின்னால் உப்புப் பூத்த வெள்ளை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். எல்லாவற்றையும் கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பே பூசினோம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடுவதற்குத்தான் பூச்சை விட அதிக நாள் பிடித்தது.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு வருஷச் செலவு என்பது ஓடுதான். இடவப்பாதிக்கு முன், இரண்டு ஆள், இரண்டு நாள். பூனை நகர்த்திய ஓட்டைச் சேர்த்து வைப்பது, உடைந்ததை மாற்றுவது, ஓடு தாங்கும் மரமான கழுக்கோலில் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. சின்னச் செலவு, ஆனால் தள்ளிப்போட முடியாது. ஒரு வருஷம் விட்டால் மரம் போய்விடும்.

அக்கா வீட்டுக் கணக்கு வேறு மாதிரி. ஆறு வருஷம் ஒரு பைசா செலவில்லை. ஏழாவது வருஷம் மொட்டைமாடி கசிந்து, ஹால் மேற்கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு விழுந்தது. ரசாயனம் அடித்தார்கள், ஒரு மழை தாங்கியது. கடைசியில் மாடிக்கு மேல் இரும்புக் கம்பி நட்டு ஷீட் போட்டார்கள். நம் ஊரில் எத்தனை கான்கிரீட் வீட்டுக்கு மேலே ஷீட் தொப்பி இருக்கிறது என்று மாடியில் ஏறி எண்ணிப் பாருங்கள். ஓட்டு வீடு பழசு என்று கைவிட்டவர்கள் கடைசியில் ஓட்டுக்குப் பதில் தகரத்தைப் போட்டிருக்கிறோம். அத்தானிடம் இதைச் சொன்னால், "ஒனக்கு கார் நிறுத்த எடம் இருக்கால?" என்று பேச்சை மாற்றிவிடுவார். இல்லைதான். காரை வாடகைக்கு நிறுத்துகிறேன். செப்டிக் டேங்க் கழுவ வந்தால் குழாயை அடுக்களை வழியாக இழுக்க வேண்டும். அந்த நாளில் வீட்டில் சமையல் கிடையாது.

வாங்க நினைப்பவர்கள் பத்திரத்தைப் பற்றிக் கேட்பார்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் கணக்கில் இருந்தவர்கள். எங்கள் மூலப் பிரமாணம், அதாவது தாய்ப்பத்திரம், மலையாளத்தில், கொல்லம் ஆண்டு 1118 என்று இருந்தது. 825 கூட்டினால் 1943, ஆவணி முதல் மார்கழி வரையிலான மாதமென்றால் 1942. பழைய ஆவண எழுத்தர் ஒருவர் வாசித்துச் சொன்னார். கணினி வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது, கையால் தேட விண்ணப்பிக்க வேண்டும். விற்பவர் பக்கம் ஏழு கையெழுத்து, ஒருவர் மும்பையில். இந்தக் காரணங்களால் ஒரு வங்கி கடன் தர மறுத்தது, இன்னொன்று நான்கு மாதம் இழுத்துக் கொடுத்தது. புது மனையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது அங்கீகாரம். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனை என்றால் வரன்முறை செய்த உத்தரவைக் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மறுவிற்பனை பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியாது, விற்றுப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இடித்துக் கட்ட நினைப்பவர்கள். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருக்கும் இடத்தில் அது சுலபமில்லை. 2019 கட்டட விதிகளில் சாலை அகலத்தையும் பக்க இடைவெளியையும் பார்ப்பார்கள். அந்த எண்ணம் இருந்தால் வாங்கும் முன்பே மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். இடிக்காமல் குடியிருக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், முன்னறைத் தரையைத் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் இடத்தில் குழி இருக்கும்.

இந்த வருஷம் பதினைந்து ஓடு மாற்ற வேண்டும். எங்கள் கூரையின் அச்சு இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. கோட்டாறில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், ஓட்டைக் காயலான் கடைக்குப் போடுவதற்குள் போய்க் கேட்க வேண்டும்.