ஆர்.எக்ஸ். 100: ரீபோர் அடிப்பதா, புது பிளாக் போடுவதா?

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் ஒன்றை வீட்டிலேயே தூக்கி நிறுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் பணத்தைப் பெயிண்டிலும் குரோமிலும்தான் இறக்குகிறார்கள். வண்டி பளபளவென்று நிற்கும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டுவதற்குள் இன்ஜின் ஜாம் ஆகும். டேங்க், மட்கார்டு, சைலன்சர் எல்லாம் நாலு போல்ட்டில் கழன்று வருபவை. அடுத்த தீபாவளி போனஸில்கூடச் செய்துகொள்ளலாம். கிராங்க்கேஸை (இன்ஜினின் அடிக்கூட்டை) மறுபடி பிரிப்பது அப்படியல்ல. அதனால் எந்த வேலைக்கு எந்த வழி என்பதை இன்ஜினுக்குள்ளிருந்து ஆரம்பித்து வெளியே வருவோம். ஸ்பேர் விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறுகிறது. எனவே ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, எது எதைவிடச் செலவு, எதில் ஏமாற வாய்ப்பு அதிகம் என்று மட்டும் பார்க்கலாம்.

பிளாக்: மூன்று வழிகள்

இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 50 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 98 சிசி. அலுமினிய பிளாக்குக்குள் (சிலிண்டருக்குள்) வார்ப்பிரும்பு ஸ்லீவ், அதாவது உள்குழாய். 1996-லேயே உற்பத்தி நின்றுவிட்டதால், இன்று கிடைக்கும் ஒரிஜினல் பிளாக் பெரும்பாலும் ஒரு முறையாவது போர் அடித்ததாக, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கியதாகத்தான் இருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையைக் கார்பன் போகத் துடைத்துப் பாருங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் எத்தனை மி.மீ. பெரிது என்று 0.25, 0.50, 0.75, 1.00 எனப் பொறித்திருக்கும். பாக்கி எத்தனை சைஸ் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்ற முடிவுகள்.

0.50 வரை வந்த பிளாக் என்றால் யோசிக்கவே வேண்டாம், அடுத்த சைஸுக்கு ரீபோர்தான். மூன்று வழிகளில் செலவும் இதற்குத்தான் குறைவு. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் பிஸ்டன் கிட்டை வாங்கி, அதை லேத்காரர் கையில் கொடுத்த பிறகுதான் போர் அடிக்க வேண்டும். "0.75-க்கு அடிச்சு வைங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கறேன்" என்று பிளாக்கை மட்டும் விட்டுவிட்டு வருவது பாதி ஜாம்களுக்கு ஆரம்பம். ஒரே சைஸ் என்று எழுதிய இரண்டு பிஸ்டன்களுக்குள் 0.02, 0.03 மி.மீ. வித்தியாசம் இருக்கலாம். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே நமக்கு வேண்டிய மொத்த இடைவெளியே 0.04 முதல் 0.05 மி.மீ.தான். பிஸ்டனை அளப்பது அதன் அடிப்பகுதியில் (ஸ்கர்ட்), பின் துளைக்குக் குறுக்காக. பிளாக்கை மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் 0.05-க்கு மேல் வித்தியாசம் வந்தால் வெறும் ரிங் மாற்றி ஓட்டுவது காசைத் தண்ணீரில் போடுவது.

ஜாம் ஆன பிளாக்கில் எக்ஸாஸ்ட் பக்கம் ஆழமான கோடு விழுந்திருக்கும். 0.25 ஏற்றினால் அந்தக் கோடு போகாது, நேராக 0.50 ஏற்றுவதே மேல். அதனால் சிசி கூடிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். 50.50 மி.மீ. போருக்கு 100 சிசியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

போர் அடித்து வந்த பிளாக்கில் இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் பூட்டக் கூடாது. ஒன்று, போர்ட் (கலவையும் புகையும் போய்வரும் ஜன்னல்) ஓரங்கள். போரிங் கட்டர் போன பிறகு ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பும் கத்திபோல் நிற்கும். அதை லேசாகச் சாய்த்துவிட வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு விளிம்பின் மேல் மேலும் கீழும் இழுங்கள். பஞ்சு நார் மாட்டினால் ரிங்கும் மாட்டும். ரிங் மாட்டி உடைந்தால் பிஸ்டன், போர், ஹெட் மூன்றுமே போச்சு. மற்றொன்று, கழுவுவது. பெட்ரோலிலும் டீசலிலும் கழுவினால் ஹோனிங் கல் உரசிய கோடுகளுக்குள் புகுந்த கல்தூள் அங்கேயே தங்கும். வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு ஒட்டாத நிலை வரும்வரை கழுவி, உடனே டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தடவுங்கள்.

புது பிளாக் கிட் பார்க்க அழகாக இருக்கும். பிஸ்டன், ரிங், பின் எல்லாம் ஒரே டப்பாவில் வரும். ஆனால் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வெளிக் கம்பெனி வார்ப்பு. டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்குள் வார்ப்புப் பிசிறு, ஸ்லீவ் ஜன்னலும் அலுமினிய ஜன்னலும் நேர்படாமல் படி நிற்பது, ஒரு பக்கம் போர்ட் உயரம் கூடக் குறைய இருப்பது எல்லாம் சகஜம். வண்டி ஓடும், அந்த பழைய இழுப்பு மட்டும் இருக்காது. புதுசுதானே என்று நம்பி அளக்காமல் பூட்டுவதால்தான் இதில் அடிபடுகிறார்கள். புது பிளாக்கையும் லேத்தில் கொடுத்து இடைவெளியைச் சரிபாருங்கள். ரிங்கை மட்டும் போருக்குள் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விடுங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் இருந்தால் சரி.

1.00 வரை தீர்ந்துபோன ஒரிஜினல் பிளாக் கையில் இருந்தால் மூன்றாவது வழி: பழைய ஸ்லீவை எடுத்துவிட்டுப் புது ஸ்லீவ் இறக்கி மறுபடி 50 மி.மீ.க்குக் கொண்டுவருவது. போர்ட் ஜன்னல்களைப் பழையதோடு பொருத்தி வெட்டத் தெரிந்த லேத்காரர் கிடைத்தால், கடை பிளாக்கைவிட இதுவே நம் முதல் சிபாரிசு. தெரியாதவர் கையில் கொடுத்தால் இதைவிட மோசமான வழி கிடையாது.

ஆர்.எக்ஸ். 135-இன் பிளாக்கை ஏற்றச் சொல்லி நண்பர்கள் வருவார்கள். ஆர்.சி.யில் 98 சிசி, வண்டியில் 132 சிசி. விற்கும்போதும் விபத்து கிளெய்மிலும் அது தலைவலி.

கிராங்க்: ராடு கிட்டா, முழு கிராங்க்கா

பிஸ்டனைக் கழற்றிய கையோடு கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். செங்குத்தாகத் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் மேல்முனை 0.8 முதல் 1 மி.மீ. அசைவது இயல்பு; 2 மி.மீ. ஆனால் ராடு கிட் மாற்ற வேண்டும். கிட்டில் ராடு, கிராங்க் பின், பேரிங், வாஷர் எல்லாம் வரும். முழு கிராங்க் வாங்குவதைவிட இது மலிவு, ஒரிஜினல் வெயிட் தட்டுகளும் தங்கும். சிக்கல் என்னவென்றால், பிரஸ்ஸில் பிரித்துச் சேர்த்த கிராங்க் நேராக இருக்கிறதா என்பதை டயல் கேஜ் வைத்துத்தான் சொல்ல முடியும். சுற்றும்போது இரு முனைகளிலும் கோணல் ஆட்டம் (ரன்-அவுட்) 0.03 மி.மீ.க்குள் வர வேண்டும். கண்ணால் பார்த்துச் சுத்தியலால் தட்டித் தரும் பட்டறையில் கொடுப்பதாக இருந்தால், செலவு கூடினாலும் முழு கிராங்க்கே வாங்கிவிடுங்கள்.

கேஸைப் பிரித்துவிட்டால் இரண்டு பக்க ஆயில் சீலும் மெயின் பேரிங்கும் கட்டாயம் புதிது. பேரிங்கில் சி3 (உள் இடைவெளி சற்றுக் கூடிய ரகம்) என்று பொறித்ததையே கேட்டு வாங்குங்கள். மேக்னட் பக்கச் சீல் விட்டால் காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து (மெலிந்து) பிஸ்டன் உருகும். கிளட்ச் பக்கச் சீல் விட்டால் கியர் ஆயில் எரிந்து வெள்ளைப் புகை வரும். பூட்டி முடித்ததும் சோதிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. எக்ஸாஸ்டை ரப்பர் துண்டு வைத்து அடைத்து, கார்புரேட்டர் வாயில் குழாய் செருகிய அடைப்பான் போட்டு, பழைய பி.பி. பார்க்கும் கருவியின் பம்ப்பால் 300 மி.மீ. பாதரசம் வரை ஏற்றுங்கள். இன்ஜின்காரர்கள் சொல்லும் 6 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ அதுதான். ஆறு நிமிடம் முள் இறங்காமல் நின்றால் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். இன்ஜினை வண்டியில் ஏற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஆயில் பம்ப்பா, பெட்ரோலில் கலப்பதா

இன்ஜினுக்கு டூ-டி ஆயில் கொடுக்கும் பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலக்கச் சொல்லாத மெக்கானிக் குறைவு. அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு: பழைய பிளாஸ்டிக் குழாய் விறைத்து உடைந்தால் ஆயில் நின்றது தெரிவதற்குள் பிஸ்டன் ஜாம். ஆனால் பம்ப் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டருக்கும் ஏற்ப ஆயில் கொடுக்கும். கலவையில் அது கிடையாது. ஏற்காடோ கொல்லிமலையோ இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் மிகவும் குறையும். குழாயைப் புதிதாக மாற்றி, காற்றை வெளியேற்றி, கேபிள் குறியை நேர்ப்படுத்தினால் பம்ப்பே நல்லது. பம்ப் உடலே தேய்ந்துபோயிருந்தால் மட்டும் கலவை: லிட்டருக்கு 25 மி.லி. பம்ப் இருந்தாலும் முதல் டேங்க்குக்கு லிட்டருக்கு 20 மி.லி. கூடுதலாகக் கலந்து ஓட்டுங்கள்.

டேங்க்: சிட்ரிக் அமிலமா, எபாக்ஸி பூச்சா

உள்ளே துருப் பொடி மட்டும் என்றால் சிட்ரிக் அமிலம் போதும். லிட்டருக்கு 100 கிராம், வெந்நீரில். டேங்க் நிறைய ஊற்றி ஒரு நாள் விட்டு, வடித்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, உடனே டூ-டி ஆயில் ஊற்றிச் சுழற்றுங்கள். இடையில் டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அது இரும்பையே தின்று ஊசித் துளை போடும்.

எபாக்ஸி பூச்சு விலை கூட. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போகாத இடத்தில் பூசிய எபாக்ஸி அதில் ஊறி உரிந்து, பட்டையாகப் பெட்ரோல் திறந்து மூடும் திருகை (காக்) அடைக்கும். ஊசித் துளை இருந்தால் மட்டும் பூசுங்கள், அதுவும் எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும். பழைய பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரப்பர் வாஷர்களும் எத்தனாலில் ஊதிப்போகும்; அவை மலிவானவை, மொத்தமாக மாற்றிவிடுங்கள். இந்தப் பெட்ரோலில் காற்று-பெட்ரோல் கலவையும் மெலிகிறது. பிளக் வெளுப்பாக வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள்.

பெயிண்டும் குரோமும்

சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங், டேங்க்குக்கு ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட். வீட்டில் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பெட்ரோல் சிந்தினால் கரையும். டூ-கே ஹார்ட்னரின் புகை நுரையீரலுக்கு ஆகாது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது, பெயிண்டர் பூத்திலேயே அடிக்கட்டும். ரிம்மும் ஹேண்டில்பாரும் ஒரிஜினலாக இருந்து குழி விழாமல் இருந்தால் மறுபடி குரோம் பூசுங்கள். கடையில் வரும் மெல்லிய தகடு ஒரு மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் சேஸிஸ் நம்பர் மேல் வெப்பம் தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். மணல் அடித்து, மேலே தடிமனான பூச்சும் ஏறினால் எண் வாசிக்க வராது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சில் தேய்த்து எடுக்கும் பிரதி தெளிவாக விழ வேண்டும். கிராங்க்கேஸ் உடைந்து சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையில் செகண்ட்ஸ் கேஸ் வாங்குவதானாலும் இதே கதைதான்: அதில் இருக்கும் நம்பர் இன்னொரு வண்டியுடையது. பில்லும் பழைய வண்டியின் ஆர்.சி. நகலும் தராத கடையில் கேஸ் வாங்க வேண்டாம். கேஸில் உடைந்த காதை (போல்ட் மாட்டும் முனையை) அலுமினிய வெல்டிங்கில் சேர்க்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முடியும்.