பழைய 12 போர் இரட்டைக்குழலில் சோக் எவ்வளவு? சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு எழுதுவது

கடலூர் மாவட்டத்தில், குறிப்பாகப் பண்ருட்டியைச் சுற்றி முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பங்களில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்து வாங்கிய 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. பெரியவர்கள் காலமான பிறகு பிள்ளைகளுக்கு லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கப் பொறுமை இல்லை. துப்பாக்கி டீலரிடம் வந்துவிடுகிறது. அங்கிருந்து என்னைப் போல கிளே பறவை (எந்திரம் வீசும் களிமண் தட்டு) சுடப் பழகுகிறவர்கள் வாங்குகிறோம். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் என்ற கிளே போட்டியில் சுட்ட பிறகு நம் பக்கத்துப் பையன்கள் பலர் இந்த விளையாட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் முதலில் வருகிற சந்தேகம், பழைய குழலில் சோக், அதாவது வாய்ப்பக்கச் சுருக்கம், எவ்வளவு என்பதுதான். விற்கிறவரைக் கேட்டால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றே: "ஃபுல் சோக் சார்."

என்னிடம் இருப்பது பெல்ஜியத்தில் செய்த பக்கவாட்டு இரட்டைக்குழல். சில வருடமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் சோக்கைக் கண்டுபிடிக்க என்னென்ன செய்தேன், எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன்.

சோக் என்பது குழலின் வாய்ப்பக்கம் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் உள்விட்டம் கொஞ்சம் சுருங்குவது. அந்தச் சுருக்கத்தைத் தாண்டி வெளியே போகும் ஈய ரவைகள் சீக்கிரம் சிதறாமல் கூட்டமாகப் போகும். புதுத் துப்பாக்கிகளில் மரை போட்ட சோக் குழாயைக் கழற்றி மாற்றலாம், அதன் மேலேயே அளவு எழுதியிருக்கும். பழையதில் குழலோடு குழலாகக் கடைந்தது. என்ன இருக்கிறதோ அதுதான்.

12 போருக்குப் பெயரளவு உள்விட்டம் 0.729 அங்குலம், அதாவது 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டையாக வார்த்தால் ஒன்றின் விட்டம் அது. ஆனால் உண்மையான குழல்கள் இந்த எண்ணில் நிற்பதில்லை. 18.2 இருக்கும் குழலும் உண்டு, 18.7 தாண்டியதும் உண்டு. அதனால் வாயை மட்டும் அளந்து சோக் சொல்வது சரிவராது. இந்தக் குழலின் உள்விட்டம் எவ்வளவு, இதே குழலின் வாய் எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, அந்தக் கழித்தல் கணக்கின் விடைதான் சோக். லேத் பட்டறையில் 'தௌ' என்பார்களே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அந்தக் கணக்கில் 10 தௌ சுருங்கினால் கால் சோக், 20 அரை, 30 முக்கால், 40 முழு சோக். அமெரிக்கர்கள் கால் சோக்கை இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்றும் அரையை மாடிஃபைடு என்றும் சொல்வார்கள். சுருக்கமே இல்லாதது சிலிண்டர். 10 தௌ என்பது கால் மில்லிமீட்டர். ஆக, ஒரு சோக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பதே அந்தக் கால் மில்லிமீட்டர்தான்.

நாணயத்தைக் குழல்வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பத்து சென்ட் நாணயம் 17.9 மி.மீ., அதனால் உள்ளே போனால் இது, போகாவிட்டால் அது என்று ஏதோ ஊகிக்க முடிகிறது. நம் எஃகு இருபத்தைந்து பைசா 19 மி.மீ., அது சாதாரண 12 போரில் நுழையாது. எஃகு பத்து பைசா 16 மி.மீ., அது எல்லாவற்றிலும் விழும். இரண்டும் எதையும் சொல்லாது. அமெரிக்க நாணயமே இருந்தாலும் அது வாயை மட்டும்தான் பார்க்கும், உள்விட்டத்தை அதற்குத் தெரியாது.

அடுத்தது முத்திரைகள். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இங்கிலாந்துத் துப்பாக்கி என்றால் 1887-க்கு முன் சில வருடம் 'நாட் ஃபார் பால்' என்றும், அதன் பிறகு 'சோக்' என்றும் அடித்திருப்பார்கள். முதல் முத்திரைக்குப் பொருள், இது சுருங்கிய குழல், இதில் ஒற்றைக் குண்டு போடாதே என்பது. அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும். பிரௌனிங்கில் நட்சத்திரக் குறி உண்டு. ஒரு நட்சத்திரம் முழு சோக், இரண்டு நட்சத்திரம் அரை. இத்தாலியக் குழலிலும் ஒரு நட்சத்திரம் முழு சோக்தான், ஆனால் இரண்டு நட்சத்திரம் முக்கால், மூன்றுதான் அரை. எந்த நாட்டுக் குழல் என்று தெரியாமல் நட்சத்திரத்தை எண்ணிப் பயனில்லை.

என் துப்பாக்கியில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை தெளிவாக இருந்தது. பெல்ஜியக்காரர்கள் இதில் நல்ல ஒழுங்கு. இடது குழலில் 18.4 சோக் 17.4 என்று மில்லிமீட்டரிலேயே அடித்திருந்தார்கள். வித்தியாசம் 1 மி.மீ., அதாவது 39 தௌ. முழு சோக். வலது குழலில் 18.4 மட்டும்தான், சோக் என்ற சொல்லே இல்லை. பக்கத்தில் 12-70 என்று தோட்டா அறையின் அளவும் இருந்தது. இதை எல்லாரும் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய குழல்கள் பலவற்றில் அறை 65 மி.மீ.தான். அதில் 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், மூடியும் விடும். சுடும்போது அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். சோக்கைவிட இது உயிர் சம்பந்தப்பட்டது.

முத்திரை சொல்வது குழல் சோதனைச் சாலையை விட்டு வெளியே வந்த நாளின் நிலவரம். அதற்குப் பிறகு எத்தனை கை மாறியது, யார் எதைத் தேய்த்தார்கள், யார் வாயை அறுத்தார்கள் என்பது அதில் இருக்காது. அறுத்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இரட்டைக்குழலின் வாய்ப்பக்கத்தில் இரண்டு குழலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவே இடைவெளி இருந்து அதை ஈயமோ பற்றாசோ வைத்து அடைத்திருந்தால் நீளம் குறைக்கப்பட்டிருக்கிறது, சோக் முழுவதும் அறுபட்ட துண்டோடு போயிருக்கும். அதற்கான லைசென்ஸ் இல்லாமல் குழல் நீளத்தைக் குறைப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்டதைத் தொடவே தொடாதீர்கள்.

கண்ணால் பார்ப்பதும் ஓரளவு உதவும். பிரித்த குழலைப் பின்பக்கத்திலிருந்து டியூப்லைட்டை நோக்கிப் பிடித்தால் உள்சுவரில் வெளிச்சக் கோடு நேராக ஓடும். சோக் தொடங்கும் இடத்தில் அந்தக் கோடு ஒடியும், மெல்லிய நிழல் வளையம் ஒன்று தெரியும். என் வலது குழலில் சோக் முத்திரை இல்லாவிட்டாலும் அந்த வளையம் லேசாகத் தெரிந்தது. ஆகவே அது சுத்தமான சிலிண்டர் இல்லை. எவ்வளவு என்பதைக் கண் சொல்லாது.

அளவெடுக்க வேண்டும். புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும், "துப்பாக்கிய மட்டும் இங்க எடுத்துட்டு வந்துடாதீங்கண்ணே. கேஜ் தர்றேன், வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ சோதிக்கவோ தனி லைசென்ஸ் உள்ளவர்கள்தான் செய்யலாம், சாதாரணப் பட்டறையில் வைக்கவே கூடாது. இன்னொன்று, கடலூரில் எடுத்த என் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, வேறு நிர்வாகம். இதனால்தான் துப்பாக்கியோடு சென்னைப் பக்கம் போகும்போது ஈ.சி.ஆர். சாலையை விட்டுவிட்டுப் பண்ருட்டி, விழுப்புரம் வழியாகப் போகிறேன். நேரம் கூடுதல்தான், ஆனால் மனம் நிம்மதி.

கேஜ் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் டயல் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) 10-18, 18-35 மி.மீ. என்ற வரிசையில் வரும். 12 போரின் உள்விட்டம் 18.4, சோக் 17.5 என்றால் ஒன்று ஒரு கேஜில் விழுகிறது, மற்றது இன்னொரு கேஜில் விழுகிறது. இரண்டு கருவியில் எடுத்த அளவைக் கழித்தால் கால் மில்லிமீட்டர் விவகாரத்தில் நம்பிக்கை வராது. 16-20 அளவுள்ள மூன்று முனை உள் மைக்ரோமீட்டர் இருந்தால் அதுதான் உத்தமம். அது அந்தத் தம்பியிடம் இல்லை. 12.7-லிருந்து 19 வரை போகும் டெலஸ்கோப் கேஜ் இருந்தது. டி வடிவில் இருக்கும், உள்ளே விட்டுத் திருகினால் இரண்டு கையும் சுவரைத் தொட்டு நிற்கும், வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். விலையும் அதிகமில்லை. வெர்னியரை இதற்கு நம்பாதீர்கள். அதன் உள்தாடைகள் தட்டையாக இருப்பதால் வளைவுக்குள் அளவு குறைவாகக் காட்டும், ஆழமும் போகாது.

அளப்பதற்கு முன் குழலை நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். சோக் சரிவில் ஈயமும் பிளாஸ்டிக் வாடின் (தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் அடைப்பு) கறையும் படிந்து கண்ணுக்குத் தெரியாத பூச்சாக இருக்கும். வெண்கலப் பிரஷ்ஷும் கரைப்பானும் போட்டு ஒரு இரவு ஊறவிட்டு எடுத்த பிறகு என் இடது குழலின் வாய் கொஞ்சம் பெரிதாகவே காட்டியது. பிறகு, வாயிலிருந்து உள்ளே போகப் போக ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு அளவு எடுங்கள். அளவு கொஞ்ச தூரம் மாறாமல் இருந்து, பிறகு கூடி, குழலின் சொந்த விட்டத்தில் போய் நிற்பதைப் பார்க்கலாம். மிகக் குறுகிய இடம் வாயின் விளிம்பிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. விளிம்பு அடிபட்டு விரிந்திருந்தால் அங்கே எடுத்த அளவு உங்களை ஏமாற்றும்.

எனக்குக் கிடைத்தது இது. வலது குழல் உள்ளே 18.42, வாய் 18.20. வித்தியாசம் 0.22, ஏறக்குறைய 9 தௌ. கால் சோக். இடது குழல் உள்ளே 18.44, வாய் 17.74. வித்தியாசம் 0.70, ஏறக்குறைய 28 தௌ. முத்திரை 17.4 என்று சொல்கிற இடத்தில் இன்று 17.74 இருக்கிறது. வெறும் ஈய ரவை சுட்டு இவ்வளவு தேயாது. யாரோ துரு எடுக்கிறேன் என்று கம்பியில் எமரித் தாளைச் சுற்றி டிரில்லில் ஓட்டியிருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே திறந்திருக்க வேண்டும். முழு சோக் என்று விற்ற குழல் உண்மையில் முக்கால்.

இத்தனைக்கும் பிறகு கடைசி வார்த்தை காகிதத்தினுடையது. 40 கஜம், அதாவது 36.6 மீட்டர் தூரத்தில் சுட்டு, ரவை அதிகம் விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு எண்ண வேண்டும். தோட்டாவில் இருந்த ரவையில் ஏறக்குறைய 40 சதவீதம் வட்டத்துக்குள் இருந்தால் சிலிண்டர், கால் சோக்குக்கு 55, அரைக்கு 60, முக்காலுக்கு 65, முழுவதற்கு 70. ரேஞ்சில் அனுமதி வாங்கி, புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டை ஒட்டிப் பெரிய தாளாக்கிச் சுட்டேன். செய்தித்தாள் வேண்டாம், அச்செழுத்துக்கு நடுவே ஓட்டை தெரியாது. சுட்ட பிறகு நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் போட்டு, நான்காகப் பிரித்து, எண்ணிய ஓட்டை மேல் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து என் மகளும் உட்கார்ந்து எண்ணினாள். ஒரு தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒரே தோட்டா வகையில் பல தாள் சுட்டுச் சராசரி பாருங்கள்.

டிராப் போட்டியில் அனுமதிக்கிற 24 கிராம் தோட்டாவில் ஏழரை எண் ரவை ஏறக்குறைய 300 இருக்கும். பிளாஸ்டிக் கப் வாட் உள்ள அந்தத் தோட்டாவில் என் இடது குழல் 70 சதவீதத்தை ஒட்டிக் காட்டியது. ஃபெல்ட் வாட் வைத்த பழைய வகைத் தோட்டாவில் அதே குழல் 60-ஐத் தாண்டச் சிரமப்பட்டது. குழல் மாறவில்லை, சோக் மாறவில்லை. பிளாஸ்டிக் கப் ரவையைக் கடைசி வரை பொத்திக் கொண்டுபோகிறது, அதனால் சிதறல் குறைகிறது. பழைய குழல்கள் ஃபெல்ட் வாட் காலத்துக்காகக் கடைந்தவை. ஆகவே கேஜில் அரை என்று வந்தால் இன்றைய தோட்டாவில் அதை முக்கால் போல எதிர்பாருங்கள். பழைய குழல் லூசாகிவிட்டது என்று சலித்துக்கொள்கிறவர்கள் முதலில் தோட்டாவை மாற்றிப் பார்க்கட்டும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. கடற்கரை ஊரில் உப்புக் காற்றுதான் குழலுக்கு எதிரி, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் மோசம். கேன்வாஸ் உறைக்குள் போட்டு மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் நாளடைவில் பிசினாகும், துப்பாக்கி எண்ணெயே போடுங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒப்படைக்கும் முன் குழலுக்குள் தடிப்பாக எண்ணெய் விடுங்கள், திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சோக் சரிவைப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். லேசான துருவுக்கு எண்ணெயும் வெண்கலப் பிரஷ்ஷும் போதும். எமரித் தாள் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

இந்தத் துப்பாக்கி எதற்கு ஆகும் என்று கேட்டால், கால் சோக்கும் முக்கால் சோக்கும் சேர்ந்த ஜோடி கிட்டப் பறக்கும் கிளேவுக்கு அருமை. முன் விசை வலது குழல், பின் விசை இடது குழல், தூரத்தைப் பார்த்து விரலை மாற்றிக்கொள்ளலாம். போட்டி டிராப்புக்கு இது போதாது. அங்கே முதல் குழலுக்கே அரை சோக்காவது வேண்டும், என் வலது குழல் அந்தத் தூரத்தில் ரவையைச் சிதறவிட்டு, கிளே நழுவுகிற அளவுக்கு இடைவெளி விடுகிறது. அதற்காக நம்மூர் மிஸ்திரியிடம் கொடுத்து வாயைச் சுருக்கலாமா என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கைமாறிய பின் லைசென்ஸ் புத்தகத்தில் பதிவு ஏறிவிட்டால் திருப்பிக் கொடுப்பது லேசில் நடக்காது. ஆகவே டீலர் கடையிலேயே, பதிவுக்கு முன், அவர் முன்னிலையில் குழலைக் காலியென்று இருவரும் பார்த்துவிட்டுப் பிரித்து, டெலஸ்கோப் கேஜும் மைக்ரோமீட்டரும் வைத்து இரண்டு குழலின் உள்விட்டத்தையும் வாயையும் அளந்து, பில்லின் பின்பக்கம் அந்த நான்கு எண்களை எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல டீலர் மறுக்க மாட்டார்.